ஓரியன் எவ்வளவு தூரம் என்று ஆய்வேட்டில் எழுதும் முன்

ஓரியன் நெபுலா பூமியிலிருந்து 1500 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. இப்படி ஒரு வசனம் ஆய்வேட்டில் வந்தால் நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: யார் அளந்தது, எந்த ஆண்டில், எந்த முறையில், வழு எவ்வளவு? பெரும்பாலும் பதில் வராது. ஏதோ ஒரு புத்தகத்தில் இருந்தது, இல்லையென்றால் முந்திய பட்ச் அண்ணா ஒருவருடைய ஆய்வேட்டில் இருந்தது, அவர் எங்கிருந்து எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது.

கொழும்பில் ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளிவிபர ஆலோசனை சொல்வது என் தொழில். மருத்துவம், விவசாயம், சமூகவியல், பொருளியல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் தரவோடு வருவார்கள், இடையிடையே பௌதிகவியல் பிள்ளைகளும் வருவார்கள். வானியல் தரவோடு வருகிறவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் மற்றத் துறைக்காரரிடம் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது நட்சத்திரங்கள் பிறக்கும் முகில்களின் தூரத்தை அளந்த கதையைத்தான், ஏனென்றால் ஓர் எண் மாறினால் அதன் மேல் கட்டியது எல்லாம் எப்படி மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நட்சத்திரம் உருவாகும் ஒரு பிரதேசத்தில் நாம் நேரடியாக அளப்பது நம்மிடம் வந்து சேரும் ஒளியை மட்டும்தான். அந்த நட்சத்திரம் உண்மையில் எவ்வளவு பிரகாசமானது என்று சொல்ல தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். முகிலில் எவ்வளவு வாயு இருக்கிறது என்ற கணக்கிலும் அதே வர்க்கம் வருகிறது. பிரகாசம் தெரிந்தால்தான் வயது. ஆகத் தூரத்தில் 10 வீதம் பிழைத்தால் பிரகாசத்தில் ஏறத்தாழ 20 வீதம் பிழைக்கும், வயதும் கூடவே இழுபடும். பிள்ளைகள் இதைச் சமன்பாட்டில் சரியாக எழுதுவார்கள், ஆனால் தூரத்தின் வழுவை அந்தச் சமன்பாட்டுக்குள் போடமாட்டார்கள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலையாக இருக்கும்.

சரி, தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? காலிமுகத்திடலில் நின்று கையை நீட்டிப் பெருவிரலால் தாமரைக் கோபுரத்தை மறையுங்கள், பிறகு ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து மாற்றி மாற்றிப் பாருங்கள், விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். இரண்டு கண்ணுக்கும் இடையில் உள்ள தூரம் தெரிந்தால், எவ்வளவு மாறியது என்பதை வைத்து விரலின் தூரத்தைக் கணக்கிடலாம். உயர்தரச் செய்முறைப் பரீட்சையில் இடமாறு வழு வராமல் கண்ணை நேரே வைத்து வாசி என்பார்கள், வானியலில் அந்த இடமாற்றமே அளவுகோல். இரண்டு கண்ணுக்குப் பதில் பூமியின் ஒழுக்கில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு இடம். 1838இல் பெசல் 61 சிக்னி என்ற நட்சத்திரத்துக்கு இப்படி அளந்தபோது கிடைத்த கோணம், அதாவது மொத்த இடமாற்றத்தில் பாதி, ஒரு வில்செக்கனில் மூன்றில் ஒன்று. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு வில்செக்கன். அந்தக் கோணம் ஒரு வில்செக்கனாக வரும் தூரத்துக்கு ஒரு பார்செக் என்று பெயர், 3.26 ஒளியாண்டு. ஓரியன் நெபுலா 400 பார்செக் அளவில் இருக்கிறது, ஆகவே அதன் கோணம் 2.5 மில்லி வில்செக்கன், பெசல் அளந்ததைவிட நூறு மடங்குக்கும் மேல் சிறியது.

1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்கொஸ் விண்கலம் ஒரு மில்லி வில்செக்கன் அளவு வழுவோடு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அளந்தது. அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனைதான். ஆனால் 2.5ஐ அளக்கும்போது 1 வழு என்றால், 286 பார்செக்காகவும் இருக்கலாம், 667 ஆகவும் இருக்கலாம். ஆகையால் பல ஆண்டுகளுக்கு ஆய்வாளர்கள் வைத்திருந்தது 1981இல் வெளிவந்த 480 பார்செக் என்ற எண். ஓரியனில் உள்ள நீராவி மேசர்கள், அதாவது இயற்கையாகவே வானொலி அலையைப் பெருக்கி அனுப்பும் வாயுத் திட்டுகள், வெளிநோக்கி நகரும் வேகத்தை வைத்து எடுத்த கணிப்பு அது. அந்தக் கட்டுரையில் 480க்குப் பக்கத்திலேயே ±80 என்றும் எழுதியிருந்தார்கள். அளந்தவர்கள் நேர்மையாகத்தான் எழுதினார்கள், அதற்குப் பிறகு எடுத்துப் பயன்படுத்தியவர்கள் கையில்தான் அந்த 80 உதிர்ந்துபோனது. 1500 என்ற வட்ட எண் இன்னும் புத்தகங்களில் சுற்றுவதற்கு இந்தப் பழைய எண்ணும் ஒரு காரணம்.

2007இல் நிலைமை மாறியது. ஹவாயிலிருந்து கரீபியனில் உள்ள வேர்ஜின் தீவுகள் வரை பரந்து கிடக்கும் பத்து வானொலித் தொலைகாட்டிகளை ஒன்றாக இணைத்து இயக்கும் விஎல்பிஏ என்ற அணியால், ஓரியனில் உள்ள நான்கு இளம் நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து 414 ± 7 பார்செக் என்று அளந்தார்கள். அதே ஆண்டு ஜப்பானின் வேரா அணி மேசர்களை வைத்து 437 ± 19 என்றது. 2017இல் மறுபடி விஎல்பிஏ, கூடுதல் அவதானங்களோடு: 388 ± 5. ஒரு நிமிடம் இங்கே நில்லுங்கள். 414 ± 7 என்றால் 407 முதல் 421 வரை. 388 ± 5 என்றால் 383 முதல் 393 வரை. ஒரே அணி, ஒரே முறை, இரண்டு எல்லையும் ஒன்றையொன்று தொடவில்லை. ± குறிக்குப் பின்னால் உள்ள எண் அளந்தவர்களுக்குத் தெரிந்த வழுவை மட்டுமே சொல்கிறது என்று நான் வகுப்பில் வாயால் சொன்னால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை, இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதினால் எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு கையா விண்கலம் வந்தது. 2013 டிசம்பரில் ஏவினார்கள், 2025 ஜனவரியில் அவதானங்களை நிறுத்தினார்கள், 2022இல் வந்த மூன்றாம் வெளியீட்டில் 146 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடமாற்றக் கோணம் இருக்கிறது. ஓரியன் ஏ முகிலைக் கையா தரவால் பார்த்தபோது தெரிந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. நெபுலா இருக்கும் தலைப்பக்கம் 400 பார்செக் அளவில், வால்பக்கம் 470 பார்செக் வரை. வானத்தில் சிறிதாகத் தெரிகிற முகில் உண்மையில் நம்மை விட்டு விலகி உள்நோக்கி 90 பார்செக் நீளத்துக்குச் சாய்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் ஓரியன் ஏ முகிலின் தூரம் என்று ஒரே ஓர் எண்ணைப் போட்டு, தலையிலும் வாலிலும் உள்ள நட்சத்திரங்களை ஒப்பிட்டிருந்த ஆய்வுகளின் நிலை என்ன? எண் பிழை என்பதைவிட, ஒரே எண் போதும் என்று நினைத்ததே பிழை.

இன்னும் மோசமான உதாரணம் சேர்பன்ஸ் எனப்படும் பாம்பு மண்டலத்து முகில். நீண்ட காலம் 260 பார்செக் என்றே எழுதினார்கள். வானொலி அளவீடு 2010இல் 415 என்றது, 2017இல் 436. 260இலிருந்து 436க்குப் போனால் பிரகாசம் 2.8 மடங்கு கூடுகிறது. பழைய அளவீடு அந்தத் திசையில் முன்னால் கிடந்த வேறொரு தூசுத் திரையின் தூரத்தைப் பிடித்திருந்தது, அதன் பின்னால் இருந்த முகிலை அல்ல. அளவீடு சரியாகவே நடந்தது, அளந்த பொருள்தான் வேறு. கேள்விக்கொத்து தயாரிக்கிற சமூகவியல் பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள்.

அப்புறம் வேகத்தை வைத்துத் தூரம் கணிப்பது. பால்வீதி எப்படிச் சுழல்கிறது என்ற மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, காபனோரொட்சைட்டு வாயுவின் வேகத்தை அளந்து, அந்த வேகத்துக்குப் பொருந்தும் தூரம் எது என்று பார்ப்பார்கள். டபிள்யூ3 என்ற நட்சத்திர உருவாக்கப் பிரதேசத்துக்கு இந்த முறை 4 கிலோபார்செக்குக்கும் மேல் தந்தது. 2006இல் மெதனோல் மேசர்களின் இடமாற்றத்தை நேரடியாக அளந்தபோது வந்தது 1.95 ± 0.04. இரண்டு மடங்கு வித்தியாசம், பிரகாசத்தில் நான்கு மடங்கு. அங்குள்ள வாயு, அந்தச் சுழற்சி மாதிரி சொன்னபடி வட்டமாக ஓடவில்லை, அவ்வளவுதான்.

இனி, வானியல் பிள்ளைகளுக்கு நேரடியாகச் சில விஷயம். கையா தரவு இலவசம், மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தே எடுக்கலாம், பெரிய தொலைகாட்டி தேவையில்லை. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இது உண்மையில் பெரிய வாய்ப்பு. ஆனால் தரவை இறக்கியதும் 1ஐ இடமாற்றக் கோணத்தால் பிரித்துத் தூரம் என்று நிரலில் போடாதீர்கள். கோணம் 0.2 மில்லி வில்செக்கன், வழு 0.1 என்று வைப்போம். பிரித்தால் 5 கிலோபார்செக். ஆனால் 0.3 என்றால் 3.3, 0.1 என்றால் 10. கோணத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருந்த வழு தூரத்தில் ஒரு பக்கம் நீண்டுவிட்டது. சில நட்சத்திரங்களுக்குக் கோணம் மறை எண்ணாகக்கூட வரும், அதைக் கண்டு பயந்து அந்த வரிகளை அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். அழித்தால் மிச்சம் இருப்பவை கோணம் கூடிய பக்கமாகச் சாய்ந்து, கூட்டம் முழுவதும் உண்மையைவிடக் கிட்ட இருப்பதுபோலக் காட்டும். சராசரி எடுப்பதென்றால் முதலில் கோணத்தில் எடுங்கள், தூரத்துக்கு மாற்றுவதைக் கடைசியில் செய்யுங்கள்.

அதைவிட அதிகம் காணும் தவறு சராசரியின் வழு. கூட்டத்தில் 200 நட்சத்திரம் இருந்தால், ஒன்றின் வழுவை 200இன் வர்க்கமூலத்தால் பிரித்துச் சிறிய எண் ஒன்றை மகிழ்ச்சியோடு எழுதுவார்கள். அந்த 200 அளவீடும் ஒன்றில் ஒன்று தங்கியிராவிட்டால்தான் அது சரி. கையாவில் எல்லா அளவீட்டுக்கும் பொதுவான ஒரு சிறு நகர்வு இருக்கிறது: மிகத் தொலைவில் உள்ள குவேசார்களுக்குக் கோணம் பூச்சியம் வர வேண்டும், மூன்றாம் வெளியீட்டில் இடையமாக −0.017 மில்லி வில்செக்கன் வருகிறது. ஓரியனுக்கு இது ஒரு வீதத்துக்கும் குறைவு. 5 கிலோபார்செக்கில் உள்ள பிரதேசத்துக்கோ 8 வீதத்துக்கும் மேல். திருத்தம் வெளியிட்டிருக்கிறார்கள், போடுங்கள். போட்ட பிறகும் வானத்தில் அருகருகே உள்ள நட்சத்திரங்கள் ஒரே பக்கமாகப் பிழைக்கும் தன்மை கொஞ்சம் மிஞ்சும், எத்தனை நட்சத்திரம் சேர்த்தாலும் அது குறையாது. கார்த்திகைக் கூட்டத்துக்கு நடந்ததைப் பாருங்கள். ஹிப்பார்கொஸ் தரவு 120 பார்செக் என்றது, அதுவும் 2 பார்செக்குக்கும் குறைந்த வழுவோடு. 2014இல் வானொலி அளவீடு 136 என்றது, கையாவும் அதையே சொன்னது. இடைப்பட்ட ஆண்டுகளில் நட்சத்திரங்களின் கோட்பாட்டைத்தான் திருத்த வேண்டுமோ என்றுகூட விவாதித்தார்கள்.

ஒரே பாடசாலையில் 200 பிள்ளைகளிடம் கேள்விக்கொத்து நிரப்பி வாங்கிவிட்டு மாதிரி அளவு 200 என்று எழுதுகிறவர்களுக்கும் நான் சொல்வது இதே கணக்குத்தான். ஒரே ஆசிரியர், ஒரே ஊர், ஒரே சூழல். அங்கே 200 தனித்தனித் தகவல் இல்லை.

பகுதியெண்ணும் அப்படித்தான். ஆயிரம் பேருக்கு இத்தனை நோயாளர் என்று யாழ்ப்பாணத்துக்கோ கிளிநொச்சிக்கோ 1990களின் வீதத்தைப் போடுகிறவர்கள், அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? 1981க்குப் பிறகு 2001இல்தான் குடிசன மதிப்பீடு நடந்தது, அதுவும் 25 மாவட்டத்தில் 18இல்தான் முழுமையாக நடந்தது. வடக்கு கிழக்கு முழுவதையும் சேர்த்துக் கணக்கெடுத்தது 2012இல். இடைப்பட்ட காலத்துக் குடித்தொகை எல்லாம் கணிப்பு, அதுவும் மக்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருந்த காலத்துக் கணிப்பு. வைத்தியசாலைப் பதிவில் நோயாளர் எண்ணிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கீழே உள்ள எண் ஆடினால் வீதமும் ஆடும். விவசாயத்தில் பழைய அறிக்கைகள் ஏக்கருக்கு இத்தனை புசல் நெல் என்று இருக்கும், புதியவை ஹெக்டேயருக்கு இத்தனை கிலோ. எந்தப் பெருக்கத்தால் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்குப் போதும்.

எழுத வேண்டியது அதிகம் இல்லை. "ஓரியன் நெபுலாக் கூட்டத்தின் தூரமாக 388 ± 5 பார்செக் எடுக்கப்பட்டது, விஎல்பிஏ இடமாற்ற அளவீடு, 2017." ஒரே வரி, மூலக் கட்டுரையைத் திறந்து பார்த்துவிட்டு எழுதிய வரி. இடையில் உள்ளவர் எழுதியதைப் பார்த்து எழுதியது அல்ல. ஏடிஎஸ் தளத்தில் வானியல் கட்டுரைகளின் மேற்கோள் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போகலாம், அரை மணித்தியால வேலை.

இன்னொன்று, அட்டவணையில் கணித்த பிரகாசத்தை மட்டும் போடாமல், அளந்த ஒளியை ஒரு நிரலிலும் பயன்படுத்திய தூரத்தை அடுத்த நிரலிலும் போடுங்கள். கையாவின் நான்காம் வெளியீட்டை 2026 டிசம்பரில் எதிர்பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அது வந்ததும் உங்கள் அட்டவணையைத் திறக்கிறவர் தூர நிரலை மட்டும் மாற்றிப் போட்டு, மிச்சத்தைத் தானே மறுபடி கணக்கிட்டுக்கொள்வார்.