கிராபிக்ஸ் கார்டு: சொல் விளக்கம்

'அட்டை, ராமநாதபுரம்' என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். வருவதெல்லாம் கடலடியில் ஊரும் உயிரியான கடல் அட்டையைப் பற்றிய செய்தியாகத்தான் இருக்கும். மண்டபம் பக்கம் பிடிபட்டது, படகோடு பறிமுதல், மூட்டை மூட்டையாகச் சிக்கியது என்று. 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் கடல் அட்டை சேர்ந்து, பிடிக்கவே தடை வந்ததிலிருந்து இந்தக் கரையில் அட்டை என்றாலே காதைத் தீட்டிக்கொள்வார்கள். கீழக்கரையில் ஒருவர் "துபாயிலிருந்து வரைகலை அட்டை வரவழைத்தேன்" என்று சொன்னால், கேட்பவர் ஒரு நொடி முழிக்கத்தான் செய்வார்.

இருந்தாலும் கிராபிக்ஸ் கார்டுக்கு 'வரைகலை அட்டை'தான் சரியான தமிழ் என்பது என் கட்சி.

முதலில் பொருள். திரையில் தெரிவது எல்லாமே லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்குப் போட்டு, அந்தப் படத்தை நொடிக்குப் பல முறை திரைக்கு அனுப்புகிற தனி உறுப்புதான் இது. சாதாரண வேலைக்கு இது தேவையில்லை. பெரும்பாலான கணினிகளில் மையச் செயலகத்துக்குள்ளேயே (சிபியு) இந்த வேலையைச் செய்யும் பகுதி ஒன்று உண்டு. கடைக்காரர்கள் அதை 'ஆன்போர்டு' என்பார்கள். விளையாட்டு, வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைவு என்று போகும்போதுதான் தனி கார்டு வாங்க வேண்டியிருக்கிறது.

'கிராபிக்ஸ்' கிரேக்க வேர் கொண்ட சொல். 'கிராபெய்ன்' என்றால் அந்த மொழியில் கீறு, எழுது, வரை எல்லாம்தான். எழுத்தையும் படத்தையும் அவர்கள் ஒரே வினையால் சொன்னார்கள். நாமும் அப்படித்தான் இருந்தோம். "கண்ணும் எழுதேம் கரப்பாக்கு அறிந்து" என்ற குறளில் (1127) தலைவி மை தீட்டமாட்டேன் என்பதைத்தான் 'எழுதேம்' என்கிறாள். ஓவியத்தையும் அன்று எழுதத்தான் செய்தார்கள். பிறகு எழுதுவது எழுத்துக்கு என்றும் வரைவது படத்துக்கு என்றும் நாம் பாகம் பிரித்துக்கொண்டோம். 'வரை' என்ற சொல்லுக்கு மலை, எல்லை, கோடு என்று பல பொருள். சங்கப் பாடலில் தலைவன் தலைவியை மணப்பதும் வரைதல்தான். இத்தனை பொருளிலும் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது கோடிழுத்துப் படமாக்கும் பொருளை. வரைகின்ற கலை, வரைகலை. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. 'வரைக்கலை' என்று எழுதுவது பிழை. அங்கங்கே கண்ணில் படுகிறது.

'கார்டு' கதைதான் எனக்கு ருசியானது. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு லத்தீன் 'கார்ட்டா'. லத்தீனுக்குக் கிரேக்க 'கார்ட்டேஸ்', அதாவது பாப்பிரஸ் நாணலில் செய்த தாள். கப்பல்காரர்கள் விரித்துப் பார்க்கும் 'சார்ட்'டும் இதே வேர். அதே வேரிலிருந்து இன்னொரு சொல் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் போர்த்துகீசியர் வழியாக நம் கரைக்கு வந்து இறங்கிவிட்டது: கடுதாசி. மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் 16ஆம் நூற்றாண்டில் கோட்டை வைத்திருந்தவர்கள் அவர்கள். "மகன்கிட்டேருந்து கடுதாசி வந்துச்சா?" என்று கேட்ட பாட்டிகள் யாரும் அதை அந்நியச் சொல்லாக நினைத்ததில்லை. ஆக, கார்டு நேற்று வந்தது என்றாலும் அதன் பங்காளி இங்கே பழைய குடி. அதற்காக 'வரைகலைக் கடுதாசி' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

கார்டுக்கு ஏன் அட்டை? வழக்கம்தான் காரணம். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, அடையாள அட்டை என்று அரசாங்கமே பழக்கிவிட்டது. 'பலகை' என்று வைக்கலாம் என்பவர்கள் உண்டு. மதர்போர்டைத் தாய்ப்பலகை என்கிறோமே என்பது அவர்கள் வாதம். நான் ஒப்பவில்லை. பெட்டிக்குள் நிலையாக இருப்பது பலகை, அதில் செருகி எடுப்பது அட்டை என்று பிரித்து வைத்தால்தான் பேசும்போது குழப்பம் வராது. இப்போது வரும் பெரிய கார்டுகள் மூன்று விசிறியோடு ஒரு கிலோவுக்கு மேல் கனக்கின்றன, செருகிய இடத்திலேயே தொங்கிப்போகின்றன, அடியில் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைப் போய் அட்டை என்பதா என்று கேட்டால், ஆங்கிலக்காரரும் அதைத் தாள் என்ற பெயரில்தான் கூப்பிடுகிறார்.

ஐபிஎம் தன் 'பிசி'யை (தனிநபர் கணினியை) 1981ல் கொண்டுவந்தபோது இதை 'அடாப்டர்' என்றுதான் அழைத்தது. அடுத்த ஆண்டு ஹெர்குலிஸ் என்ற நிறுவனம் பெயரிலேயே 'கிராபிக்ஸ் கார்டு' என்று வைத்து ஒன்றை விற்றது. அதைச் செய்த வான் சுவன்னுகுல் தாய்லாந்துக்காரர். தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் அடிக்க வேண்டும் என்பதுதான் அவர் தேவை. ஐபிஎம்மின் கறுப்புவெள்ளை அடாப்டர் உள்ளே பதித்து வைத்த எழுத்துகளை மட்டுமே காட்டும். மேலும் கீழும் குறியேறும் தாய் எழுத்துக்கு அது உதவாது. புள்ளி புள்ளியாக வரைந்தால்தான் ஆகும். கொம்பும் சுழியும் கொண்ட தமிழுக்கும் அதே கதைதான். இன்று எல்லோரும் விளையாட்டுக்கு வாங்குகிற பொருள் ஒரு காலத்தில் எழுத்தை எழுதவே செய்யப்பட்டது.

அப்புறம் 'ஜிபியு', 'கிராபிக்ஸ் பிராசசிங் யூனிட்' என்பதன் சுருக்கம். என்விடியா 1999ல் ஜிபோர்ஸ் 256ஐ உலகின் முதல் ஜிபியு என்று விளம்பரம் செய்ததிலிருந்து இந்தச் சுருக்கம் ஊரெங்கும் பரவியது. உண்மையில் ஜிபியு என்பது கார்டின் நடுவில் இருக்கும் ஒரு சில்லு (சிப்) மட்டுமே. அதைச் சுற்றி நினைவகம், மின்சாரத்தைச் சீராக்கும் பாகங்கள், விசிறி எல்லாம் சேர்ந்ததுதான் கார்டு. ஆனால் மொத்தப் பெட்டியையே 'சிபியு' என்று சொல்லிப் பழகிய ஊர் நம்முடையது. ஜிபியுவை மட்டும் விட்டுவைக்குமா? தமிழில் சில்லுக்கு 'வரைகலைச் செயலி' என்று எழுதுகிறார்கள். செயலி என்றால் இப்போது செல்போன் ஆப் என்றாகிவிட்டது. 'செயலகம்' என்றாலோ கோட்டைதான் நினைவுக்கு வருகிறது. 'வரைகலைச் சில்லு' என்றால் வம்பில்லை.

'இன்ஸ்டால்' என்ற ஒரே சொல்லை ஆங்கிலம் கார்டுக்கும் மென்பொருளுக்கும் வைத்திருக்கிறது. தமிழில் இரண்டு வினை உண்டு, இரண்டும் வேண்டும். கார்டைப் பொருத்துகிறோம், மென்பொருளை நிறுவுகிறோம். கடையில் இரண்டுக்கும் 'போடுறது' என்பார்கள், அதுவும் சரிதான். பொருத்துவது பெரிய வித்தை இல்லை. மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக் கையில் இருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, தாய்ப்பலகையில் நீளமாக இருக்கும் செருகுவாயில் நேராக வைத்து அழுத்த வேண்டும். 'டக்' என்று பூட்டு விழும். ஸ்லாட்டுக்குச் 'செருகுவாய்' பொருந்துகிற சொல். கொண்டையில் பூவையும் கூரையில் ஓலையையும் செருகுகிற கைக்கு விளக்கம் தேவையில்லை. அந்த வாய் 75 வாட் வரைதான் மின்சாரம் தரும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து தனிக் கேபிள் இழுக்க வேண்டும். அங்கே கஞ்சத்தனம் பண்ணி மட்டமான எஸ்எம்பிஎஸ் போட்டால், விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் கணினி அணைந்துபோகும்.

பாம்பன், தொண்டி மாதிரி உப்புக்காற்று நேராக வீசும் ஊர்களில் பழைய கார்டு வாங்குகிறவர்கள் விளிம்பைப் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியோடு முடுக்கும் தகடும் திருகாணியும் துருவேறி நிற்கும். செருகும் விளிம்பில் தங்கமுலாம் பூசிய பட்டைகள் மங்கியிருந்தால் திரை வராமல் முரண்டு பிடிக்கும். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் கடைகளின் வழக்கம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பது முலாமுக்கு நல்லது.

நிறுவ வேண்டியது 'டிரைவர்', கார்டை இயக்கக் கணினிக்கு வேண்டிய மென்பொருள். இதை 'ஓட்டுநர்' என்று பெயர்த்த கட்டுரையைப் படித்தால் யாரோ பேருந்தோடு வருவார் என்று தோன்றும். 'இயக்கி' என்பதே நிலைத்த சொல். கார்டைப் பொருத்தியாயிற்று, திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால், மானிட்டர் கேபிள் பழைய பழக்கத்தில் தாய்ப்பலகையின் துளையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பிடுங்கி அட்டையில் செருக வேண்டும்.