கிட் பீரோவுக்குள்ள, புள்ளைங்க வெளியில: செயல்வழி அறிவியலை எப்படிக் கேட்டு வாங்குறது?

மூணாங்கிளாஸ் புள்ளைக்குக் காந்தத்தைக் கையில குடுத்துச் சொல்லித் தரக்கூடாதான்னு கேட்ட ஒரு அம்மாவ ஹெச்எம் வட்டார வள மையத்துக்கு அனுப்ப, அவங்க பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸுக்கு அனுப்ப, அங்க "ஹெச்எம்கிட்டயே கேளுங்கம்மா"ன்னு திருப்பி விட்டாங்க, கூட நின்னு பாத்தேன். புள்ளைங்க செஞ்சு பாக்குற அறிவியல் சாமான் பெட்டி, அதான் கிட், அந்த ஸ்கூல் பீரோவுலயேதான் இருந்துச்சு. காந்தத்தோட கவர் கூட பிரிக்கல, பேட்டரி கசிஞ்சு பூத்துப் போய்க் கெடக்கு. கேட்டா, ஒடஞ்சா ஆடிட்ல யார் பதில் சொல்றதாம்.

சட்டம் ரெண்டே வரி. 2009 கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவு, எட்டாவது வரைக்கும் புள்ளைங்க செஞ்சு பாத்து, தேடிக் கண்டுபிடிச்சுப் படிக்கணும்னு சொல்லுது. அதோட அட்டவணையில வகுப்புவாரியா கற்பித்தல் உபகரணமும் இருக்கு.

நெறைய பேர் மாட்டிக்கிற எடம் வானவில் மன்றம்னு தமிழ்நாடு அரசு நடத்துற செய்முறை அறிவியல் திட்டம். 2022 நவம்பர்ல திருச்சியில ஆரம்பிச்சது, அரசுப் பள்ளி 6 முதல் 8 வரைக்கும்தான். மூணாவது புள்ளைக்கு அந்தப் பேரப் போட்டு மனு குடுத்தீங்கன்னா "பொருந்தாது"ன்னு ஒரே வார்த்தையில ஃபைல மூடிடுவாங்க, மனுவுல அந்தப் பேரே வேணாம்.

பள்ளி மானியத்தக் கேளுங்க. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல 30 புள்ளைங்க வரைக்கும் உள்ள அரசுப் பள்ளிக்கு வருஷம் 10,000 ரூபா, 31 முதல் 100 வரைக்கும் 25,000, 250 வரைக்கும் 50,000. குறைஞ்சது 10 சதவீதம் சுத்தத்துக்குப் போகும், ஆனா கற்பித்தல் உபகரணமும் அந்தக் கணக்குலயே வாங்கலாம். எய்டட் ஸ்கூலுக்கு இது கெடையாது, அங்க போய் இதக் கேட்டு அசிங்கப்படாதீங்க.

"இன்னும் ஃபண்ட் வரலைங்க"ம்பாங்க. வாய்ல கேட்டா அதேதான் பதில். பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்கணும், அதுலயே பேசி தீர்மான நோட்டுல எழுத வைங்க, எழுதாத பக்கத்துல கையெழுத்துக் கேட்டா போடாதீங்க, அப்புறம் என்ன எழுதுனாங்கன்னே தெரியாது.

அதுக்கும் அசையலயா, 10 ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) மனு போடுங்க. "ஏன் கிட் குடுக்கல"ன்னு கேட்டா அது தகவலே இல்லன்னு தட்டிக் கழிப்பாங்க. இந்த வருஷம், போன வருஷ மானியச் செலவுக் கணக்கு நகல், ஸ்டாக் ரிஜிஸ்டர் நகல்னு கேளுங்க, 30 நாள் டைம். ரிஜிஸ்டர்ல எந்தக் கிளாஸுக்கு எந்தத் தேதி சாமான் எடுத்தாங்கன்ற கட்டம் காலியா இருந்தா அந்த நகலையே புகாரோட பின் பண்ணிடுங்க. கல்வி உரிமைச் சட்டம் 32ஆம் பிரிவுல எழுத்துல குடுத்த புகாருக்கு 3 மாசத்துல முடிவு சொல்லணும், அந்த 3 மாசத்த எண்ண உங்க கையில தேதி போட்ட சீல் இருக்கணும், "வச்சுட்டுப் போங்க, பாக்குறோம்"னா நகல்ல சீல் வாங்காம நகராதீங்க.