பார்க்காமல் ஏலத்தில் எடுத்த பொருளுக்குப் பணம் எப்படித் திரும்பி வருகிறது?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஸ்ரூடியோ நடத்தும் நண்பர் ஒருவர், பழைய பிலிம் கமராவுக்குரிய வில்லையொன்றை இணைய ஏலத்தில் 140 டொலருக்கு எடுத்திருந்தார். பொதி வந்து சேர்ந்த அன்று மாலை, வில்லையின் பின்புறத்திலிருந்து ரோச் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தபோது, உட்கண்ணாடியின் விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை சிலந்தி வலை போன்ற இழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தன. அது பூஞ்சணம். ஏல விபரத்திலோ கண்ணாடி தெளிவாக இருப்பதாகவே எழுதப்பட்டிருந்தது. நண்பர் முறைப்பாடு செய்ததும் விற்பனையாளர் பதில் அனுப்பினார்: தான் அனுப்பும்போது வில்லை சுத்தமாக இருந்தது, வெக்கையும் ஈரமும் நிறைந்த ஊருக்குப் போன பிறகுதான் பூஞ்சணம் பிடித்திருக்க வேண்டும்.

இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஏலத் தளமோ வில்லையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் இத்தகைய பிணக்குகள் நாள்தோறும் தீர்க்கப்படுகின்றன. யார் சொல்வது உண்மை என்று துருவி ஆராய்ந்து அவை தீர்க்கப்படுவதில்லை. எந்தச் சான்றை யாரால் குறைந்த செலவில் காட்ட முடியுமோ, அந்தச் சான்றைக் காட்டும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுவதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

குருநகரிலோ பாசையூரிலோ மீன் ஏலம் கூறும்போது, வாங்க வந்தவர் செவுளை விரித்துப் பார்த்து, உடலை விரலால் அழுத்திப் பார்த்த பிறகே விலை கேட்கிறார். ஆகவே ஏலம் முடிந்த பின் அவர் குறைசொல்ல அதிகம் இடமில்லை. இணைய ஏலத்தில் பொருளின் குறைகள் விற்பவருக்கு மட்டுமே தெரியும். இந்த ஏற்றத்தாழ்வு ஒரு சந்தையையே எவ்வாறு சீரழிக்கும் என்பதைப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகெர்லொவ் 1970 இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி விளக்கினார்: நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே கேட்பார், அந்த விலைக்குக் கட்டுபடியாகாத நல்ல பொருள்கள் சந்தையை விட்டு விலகும், கடைசியில் எஞ்சுவது கழிவுதான். பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை இந்தச் சரிவைத் தடுக்கும் அணை. விபரத்தைச் சொல்லி விற்ற பொருள் அந்த விபரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற விதி, இலங்கையின் 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருக்கும் விற்பனையாளரை 140 டொலருக்காக யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கு இழுத்துவர எவராலும் முடியாது.

1995 இல் தொடங்கிய ஈபே என்ற இணைய ஏலத் தளம், மறு ஆண்டே வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் இடும் முறையைக் கொண்டுவந்தது. நற்பெயர் இழப்புக்குப் பயந்து பலர் ஒழுங்காக நடந்தார்கள் என்றாலும், பிணக்கு வந்த பிறகு அதைத் தீர்க்க அது போதவில்லை. 1999 இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஈதன் கட்ஷும் அவருடைய குழுவினரும் மின்னஞ்சல் வழியாக மத்தியஸ்தம் செய்து பார்த்தபோது, இரண்டே வாரங்களில் இருநூறுக்கும் அதிகமான முறைப்பாடுகள் வந்து குவிந்தன. மனிதரை மட்டும் நம்பி இதைச் சமாளிக்க முடியாது என்பது அப்போதே தெளிவாயிற்று. பிற்காலத்தில் ஈபேயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 மில்லியன் பிணக்குகள் எழுந்தன; அவற்றில் சுமார் 90 சதவீதமானவை எந்த ஊழியரின் கையும் படாமல் மென்பொருளாலேயே முடிக்கப்பட்டன.

மென்பொருள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: பொருள் வரவேயில்லையா, அல்லது வந்த பொருள் விபரத்தோடு ஒத்துவரவில்லையா? வரவில்லை என்றால், அனுப்பியதற்கான சான்று விற்பவர் கையில்தான் இருக்கும். எனவே நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. அதற்குத் தபால் கண்காணிப்பு இலக்கம் உதவுகிறது. சர்வதேசப் பதிவுத் தபாலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், ஒன்பது இலக்கங்கள், அனுப்பும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் என்று அது அமைந்திருக்கும். ஒன்பதாவது இலக்கம் சோதனைக்கானது. முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11 இலிருந்து கழித்தால் அது கிடைக்கும். 12345678 என்ற தொடருக்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, சோதனை இலக்கம் 5. மீதி 0 ஆகவோ 1 ஆகவோ வந்தால் மாத்திரம் முறையே 5, 0 என்று வைப்பார்கள். தவறாகத் தட்டிய இலக்கமும், யோசிக்காமல் புனைந்த பல இலக்கங்களும் இந்தக் கணக்கிலேயே பிடிபட்டுவிடும்.

விபரத்தோடு ஒத்துவராத பொருளின் கதை வேறு. இங்கே தளங்கள் பெரும்பாலும் கேட்பது, பொருளைத் திருப்பி அனுப்புங்கள் என்பதைத்தான். நான் இதை மிக நுட்பமான ஏற்பாடாகக் கருதுகிறேன். பொருளையும் வைத்துக்கொண்டு பணத்தையும் பெறலாம் என்று நினைத்துப் பொய் சொன்னவருக்குத் திருப்பி அனுப்புவதில் எந்த இலாபமும் இல்லை. உண்மையாகவே ஏமாந்தவர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார். எவரும் எவரையும் விசாரிக்காமலேயே பொய்யரும் ஏமாந்தவரும் வேறுவேறாகப் பிரிந்துவிடுகிறார்கள். வெறும் பெட்டியை அனுப்பி ஏமாற்றுவோரும் உண்டு. தபால் பற்றுச்சீட்டில் பதிவாகும் நிறை அவர்களைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

இவை அனைத்தையும் ஓட்டிச் செல்வது காலக்கெடு. ஈபேயில் பொருள் கிடைத்து 30 நாள்களுக்குள் முறையிட வேண்டும். விற்பவர் 3 வேலை நாள்களுக்குள் தீர்வு தராவிட்டால் தளத்தைத் தலையிடுமாறு கேட்கலாம். இணையப் பணக் கொடுப்பனவுச் சேவையான பேபாலில் பணம் செலுத்தி 180 நாள்களுக்குள் பிணக்கைத் தொடங்கி, அடுத்த 20 நாள்களுக்குள் அதை உரிமைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால், அது தானாகவே மூடப்படும். மூடியதை மீண்டும் திறக்க முடியாது. பதில் சொல்ல வேண்டிய முறை யாருடையதோ, அவர் மௌனமாக இருந்தால் தோல்வி அவருக்கே. இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்று நயமாகப் பேசி நாள்களைக் கடத்தும் விற்பனையாளரை நம்பிக் காத்திருந்து உரிமையை இழந்தவர்களை நான் அறிவேன். கடனட்டை வழங்கிய வங்கி மூலம் பணத்தை மீட்கும் வழி தனியாக இருக்கிறது. அதற்கும் கெடு உண்டு.

திருப்பி அனுப்பும் தபால் செலவு பொருளின் விலையை நெருங்கும்போது, ஒரு பகுதிப் பணத்தோடு இணங்கிப்போவது இருவருக்கும் நல்லது. எவ்வளவு என்பதுதான் சிக்கல், ஏனெனில் முதலில் தொகை சொன்னவர் இறங்கிப்போனவராகிவிடுவார். இதற்கென மறைவிலைப் பேரம் என்றொரு முறை இருக்கிறது. வாங்கியவர் தனக்குக் குறைந்தது 60 டொலர் வேண்டும் என்றும், விற்றவர் அதிகபட்சம் 70 டொலர் தருவேன் என்றும் கணினிக்கு மட்டும் இரகசியமாகச் சொல்கிறார்கள். விற்றவரின் தொகை வாங்கியவரின் தொகையைத் தாண்டினால் நடுவிலுள்ள 65 டொலரோடு பிணக்கு முடியும். தாண்டாவிட்டால் ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியவே வராது. நம் ஊர் மத்தியஸ்த சபைகளில் அனுபவமுள்ளவர்கள் இரு தரப்பையும் தனித்தனியே அழைத்துப் பேசிச் செய்யும் வேலையைத்தான் இங்கே ஒரு சிறு கணக்கு செய்கிறது.

நண்பரின் விடயத்தில் பூஞ்சணமே சாட்சியாயிற்று. வில்லைக்குள் அது கிளைவிட்டு நடுப்பகுதி வரை பரவ வாரக்கணக்கில், பல சமயம் மாதக்கணக்கில் ஈரம் வேண்டும். ஒரு மாலைக்குள் அது நடக்காது. கைபேசிப் படத்திலுள்ள நேரத்தை மாற்றிவிடலாம் என்பதால், பொதி பிரித்த அன்றே அவர் படங்களை முறைப்பாட்டோடு தளத்தில் ஏற்றியிருந்தார். தபால் பதிவிலிருந்த விநியோகத் திகதியும் தளம் பதிந்த திகதியும் ஒன்றாகவே இருந்தன. விற்பனையாளர் திருப்பி அனுப்பச் சம்மதித்தார். யாழ்ப்பாணத் தபாலகத்தில் பொதியை நிறுத்துப் பற்றுச்சீட்டு வாங்கி, அதையும் படமெடுத்து ஏற்றினோம். கண்காணிப்பில் பொதி ஒப்படைக்கப்பட்டதாகக் காட்டிய நான்காம் நாள் 140 டொலரும் அட்டைக்குத் திரும்பியது. வங்கி அன்றைய நாணய மாற்று வீதத்தில் கணக்கிட்டதால், ரூபாயில் வந்த தொகை அவர் கட்டிய தொகையிலிருந்து சற்றுக் குறைந்திருந்தது.