தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடாது

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர் பலர், இணையத்தில் தேடி எடுத்த இரண்டு எண்களோடு எங்கள் பயண முகவர் அலுவலகத்துக்கு வருகிறார்கள். டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தூரம் சுமார் 12,400 கி.மீ., நேரம் 15 மணிக்குள் என்று குறித்து வைத்திருப்பார்கள். அந்தத் தூரம் பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய பாதையின் நீளம். அந்த நேரம் பெரும்பாலும் அத்தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்துப் பெற்ற விடை. விமானம் அப்படியே பறப்பதில்லை.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே தடத்தில் அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகப் பறந்தபோது, தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 கி.மீ. ஆகக் கூடியது, ஆனால் பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது, அதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சமானது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளியதே காரணம். எதிர்த்திசையில் பறக்கும் விமானத்துக்கு அதே காற்றுதான் தடை.

வான்வெளி மூடப்பட்டால் கணக்கு இன்னும் மாறும். 2022இல் ரஷ்ய வான்வெளி அடைபட்ட பிறகு, ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியதால், டெல்லியிலிருந்து வட அமெரிக்கா சென்ற சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்க வேண்டியிருந்தது.

ஆகவே டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் புறப்பாடு, வருகை நேரங்களையே நம்ப வேண்டும். அவை அந்தந்த ஊர் நேரம் என்பதையும் மறக்கக் கூடாது. கோடைக்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே 10ஆம் தேதி இரவு 9 மணிக்கு ஏறி 16 மணி நேரம் பறந்தால், டெல்லியில் இறங்கும்போது 12ஆம் தேதி அதிகாலை 1.30 ஆகியிருக்கும். சென்னைக்கான இணைப்பு விமானத்தை 11ஆம் தேதிக்குப் போட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் முதியவர்கள், "காலை", "இரவு" என்பதைக் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாமல், எத்தனை மணி நேர இடைவெளியில் போட வேண்டும் என்று மருத்துவரிடம் டிக்கெட்டைக் காட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கட்டணம் குறைகிறது என்பதற்காகச் சென்னை–டெல்லிக்கு ஒரு டிக்கெட், டெல்லியிலிருந்து மேலே வேறொரு டிக்கெட் என்று வாங்குவதை முதியோருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. முதல் விமானம் தாமதமானால், தனி பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) உள்ள இரண்டாவது விமானத்தின் நிறுவனம் மாற்று இருக்கை தரும் என்று எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனையை முடித்து, பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதால், அங்கிருந்து உள்நாட்டு விமானம் ஏறுபவர்கள் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி வைத்துக்கொள்வது நல்லது. மார்ச், அக்டோபர் மாத இறுதிகளில் விமான அட்டவணைகள் மாறுவதால், பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தவர்கள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு நேரத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும்.