புராதனச் சின்னத்துக்குப் பக்கத்து வீடு: செங்கல்லில் கை வைக்கும் முன்

கோட்டை மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் ஓட்டு வீடு. ஐப்பசி மழையில் பின்சுவர் சரிந்துவிட்டது. வந்து பார்த்த மேஸ்திரி, “ஒட்டுப் போட்டுக்கிட்டே இருக்கறதுக்கு மொத்தமா இடிச்சிட்டுக் கட்டிருங்கம்மா” என்றார். அந்த அம்மாவும் நகையை அடகு வைத்து இடித்தார். கடைக்கால் தோண்டிய வாரத்திலேயே தொல்லியல் துறையின் நோட்டீஸ் வந்தது. நான்கு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறார். சொந்த மனையில் நெருஞ்சி முளைத்துக் கிடக்கிறது. மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தபோது செய்வதற்கு ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை. வீடு நின்றிருந்தால் பழுதுபார்க்க அனுமதி கேட்டிருக்கலாம். வீடே இல்லாதபோது எதைப் பழுதுபார்ப்பது?

சட்டம் இவ்வளவுதான். புராதனச் சின்னங்களுக்கான மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டது. இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் ஒவ்வொரு சின்னத்தைச் சுற்றியும் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. முதல் வளையத்தில் புதுக் கட்டடம் கிடையவே கிடையாது. பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். இரண்டாவது வளையத்தில் கட்டலாம், அனுமதி வாங்கிக்கொண்டு.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட சின்னங்கள் நானூறுக்கு மேல். தஞ்சைப் பெரிய கோயில், செஞ்சி, வேலூர்க் கோட்டை, மாமல்லபுரம் என்று ஊரறிந்தவை மட்டும் என்று நினைக்காதீர்கள். வயலோரத்துச் சின்னக் கற்கோயிலும், ஆடு மேயும் பாறையிலுள்ள சமணர் படுக்கையும் பட்டியலில் இருக்கலாம். நீல நிறப் பலகை துருப்பிடித்து விழுந்திருந்தாலும் சட்டம் விழவில்லை.

முதல் சிக்கல் அளவில். நூறும் இருநூறும் சேர்ந்து முந்நூறு. “இருநூறு மீட்டர்தானே, நம்ம வீடு இருநூத்தி இருபதுல இருக்கு” என்று நிம்மதியாக மாடி எழுப்பிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். அடுத்து, அளவு கோபுரத்திலிருந்தோ வாசலிலிருந்தோ தொடங்குவதில்லை. அரசிதழில் பாதுகாக்கப்பட்டது என்று அறிவித்த நிலத்தின் எல்லையிலிருந்துதான் தொடங்கும். கோட்டை என்றால் அகழியும் வெளியே கிடக்கும் புறம்போக்கும்கூட அந்த எல்லைக்குள் வந்திருக்கலாம். உங்கள் கண்ணுக்கு 150 மீட்டராகத் தெரிவது அவர்கள் வரைபடத்தில் 90 ஆக இருக்கும். போனில் மேப்பைத் திறந்து அளந்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, “இந்த இடம் எந்த வளையத்தில் வருகிறது, எத்தனை மீட்டர்” என்று தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்தில் (தாலுகா ஆபீஸ் அல்ல, பல மாவட்டங்களுக்கு ஒன்றாக அந்தத் துறை வைத்திருக்கும் அலுவலகம்) எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும். அரசிதழ் அறிவிக்கையின் நகலையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள். பின்னால் எல்லாச் சண்டைக்கும் அந்தக் காகிதம்தான் ஆதாரம்.

அப்புறம், சின்னம் யாருடையது என்ற குழப்பம். மதுரை திருமலை நாயக்கர் மகாலும் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையும் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. அதற்கு 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். மதுரை மீனாட்சியம்மன் கோயில் அறநிலையத் துறையின் கீழ். ஆனால் “அறநிலையத் துறை கோயில்தானே, தொல்லியலுக்கு என்ன வேலை” என்றும் சொல்ல முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் பூஜையைப் பார்ப்பவர்கள் வேறு, கல்லைப் பாதுகாப்பவர்கள் வேறு. தவறான துறையின் வாசலில் ஆறு மாதம் நின்றவர்கள் உண்டு. நீங்கள் வந்தது தப்பான இடம் என்று யாரும் முதல் நாளே சொல்வதில்லை. மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். முன்பு தென்மாவட்டங்கள் வரை சென்னை வட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2020-இல் திருச்சி வட்டம் தனியாக வந்தது. பழைய கோப்பு வைத்திருப்பவர்கள் அது இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

சரி, விஷயத்தின் மையத்துக்கு வருவோம். இந்தச் சட்டத்தில் மூன்று சொற்கள் உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. பழுதுபார்ப்பு, மறுகட்டுமானம், கட்டுமானம். இருக்கும் கட்டடத்தில் மாற்றம் செய்வது பழுதுபார்ப்பு. இருந்ததை எடுத்துவிட்டு அதே நீள அகலத்தில், அதே உயரத்தில் திரும்ப எழுப்புவது மறுகட்டுமானம். மேலேயோ பக்கவாட்டிலோ ஒரு அடி கூடினாலும் அது கட்டுமானம். நூறு மீட்டருக்குள் முதலாவதுக்கு மட்டுமே மனுப் போட முடியும். நாமோ பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் “வீட்டைக் கட்டுறோம்” என்றுதான் சொல்வோம். அதையே மனுவிலும் எழுதினால் அந்த ஒரு சொல்லுக்காகவே நிராகரிக்க முடியும். என்ன வேலை என்று துல்லியமாக எழுதுங்கள்: விரிசல் விட்ட மேற்குச் சுவரைச் சரிசெய்தல், மக்கிய உத்தரங்களை மாற்றுதல், உயரத்திலும் பரப்பிலும் மாற்றமில்லை. ஓட்டைக் கழற்றிக் கான்கிரீட் தளம் போடுவதும் பழுதுபார்ப்புதான் என்று உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள்.

கழிப்பறை விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கழிப்பறை கட்டுவது இந்தச் சட்டத்தில் வராது என்று ஊரில் யாராவது சொல்வார்கள். சட்டம் விலக்கியிருப்பது பொதுக் கழிப்பறைகளை. உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கட்டுவதை அல்ல. வெளியூரிலிருந்து சின்னத்தைப் பார்க்க வரும் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம்கூட இல்லை. பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஒரு குளியலறை கட்ட டெல்லி வரை கோப்பு போகவேண்டும். வீட்டுக்காரரிடம் இவ்வளவு கறார் காட்டும் அதே தொல்லியல் துறையின் பட்டியலில் 92 சின்னங்களைக் காணோம் என்று 2013-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். பிறகு தேடியதில் 42 கிடைத்தனவாம்.

நூறு மீட்டருக்குள் பழுதுபார்க்க மனுப் போட, அந்தக் கட்டடம் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அல்லது அதன் பிறகு முறையான ஒப்புதலோடு கட்டியிருக்க வேண்டும். நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். இங்கேதான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். பத்திரம் 1970 தேதியில் இருக்கும். ஆனால் அதில் “காலி மனை” என்று இருந்தால் வீடு எப்போது வந்தது என்று அது சொல்லாது. வேண்டியது கட்டடம் இருந்ததற்கான சான்று: பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, “ஓட்டு வில்லை வீடு” என்று வாசகம் உள்ள பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய கட்டட அனுமதி வரைபடம். ரசீது எலி கடித்துவிட்டது என்றால் நகராட்சியில் வரி விதிப்புப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். “அவ்வளவு பழைய ரெக்கார்டு இல்லீங்க” என்பார்கள். அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் பல நேரம் ரெக்கார்டு கிடைத்துவிடும்.

மனை வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. சார்பதிவாளர் பத்திரம் பதிந்துவிடுவார், பட்டா மாறிவிடும், வில்லங்கம் சுத்தமாக இருக்கும், வரியும் வாங்கிக்கொள்வார்கள். இவற்றில் எதுவும் கட்டுவதற்கான அனுமதி அல்ல. சட்டம் விற்பதைத் தடுக்கவில்லை, கட்டுவதைத்தான் தடுக்கிறது. தரகர் இந்த வித்தியாசத்தை உங்களிடம் சொல்லப்போவதில்லை. நகராட்சியோ ஊராட்சியோ தந்த வரைபட ஒப்புதலும் தொல்லியல் அனுமதிக்கு மாற்றல்ல; இரண்டும் தனித்தனியாக வேண்டும். “பக்கத்து வீட்டுக்காரர் மூணு மாடி கட்டியிருக்காரே” என்பது வாதமே இல்லை. அவருக்கும் நோட்டீஸ் போயிருக்கலாம்.

இரண்டாவது வளையத்தில் இருப்பவர்கள் உயரத்தைக் கவனியுங்கள். மாடிப்படி அறை, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் மொத்த உயரத்தில் சேரும். வரைபடத்தில் தொட்டியைக் காட்டாமல் அனுமதி வாங்கிவிட்டு மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டியை ஏற்றி வைத்தால், அனுமதித்த உயரத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மனு, சட்டம் சொல்லும் தகுதிபெற்ற அதிகாரிக்கு, அதாவது இந்த மனுக்களுக்கென்றே அரசு நியமித்தவருக்குப் போகும். இப்போது இணையவழியே போடலாம். அவர் 15 நாளில் டெல்லியிலுள்ள தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்தில் பரிந்துரை சொல்ல வேண்டும். அதன் பிறகு ஒரு மாதத்தில் முடிவு. மறுப்பதானால் உங்கள் தரப்பைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. நடப்பில், ஒரு புகைப்படம் குறைகிறது, தூரம் காட்டும் வரைபடத்தில் கையெழுத்து இல்லை என்று கோப்பு திரும்பி வரும். கணக்கு மறுபடி முதலிலிருந்து. குறைகளை மொத்தமாக ஒரே கடிதத்தில் சொல்லும்படி எழுதிக் கேளுங்கள். தேதியுள்ள ஒப்புகை இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். கெடு முடிந்தும் பதில் வரவில்லை என்றால் அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. இந்தச் சட்டத்தில் அப்படி ஒரு சலுகை இல்லை. சின்னத்தின் காவலாளியோ உள்ளூர் ஊழியரோ “சின்ன வேலைதானே, பண்ணிக்கோங்க” என்று சொன்னால் அதுவும் அனுமதி அல்ல. நாளைக்கு அவர் மாற்றலாகிப் போய்விடுவார்.

நோட்டீஸ் வந்துவிட்டால், அன்றே வேலையை நிறுத்துங்கள். ராத்திரியில் தளம் போட்டு முடித்துவிடலாம் என்று யோசனை சொல்பவர் உங்களோடு கோர்ட்டுக்கு வரமாட்டார். அனுமதியில்லாமல் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸில் சொன்ன தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். வாங்க மறுத்தால் நோட்டீஸ் செல்லாது என்று நினைத்து ஒளிந்துகொண்டவர்கள்தான் கடைசியில் தங்கள் தரப்பைச் சொல்லும் வாய்ப்பையும் இழந்தார்கள்.

தேர்தல் நேரத்தில் “நூறு மீட்டர் சட்டத்தையே எடுத்துட்டாங்க” என்று ஒரு பேச்சு கிளம்பும். 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றிய மசோதா பொதுப்பணித் திட்டங்களுக்கு வழிவிடத்தான். அதுவும் மாநிலங்களவையில் தேங்கிவிட்டது. 2023-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இந்த விதியை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. பரிந்துரையை நம்பிக் கடைக்கால் தோண்ட வேண்டாம்.

உங்கள் வீடு அந்த முந்நூறு மீட்டருக்குள் இருந்தால், வேலை எதுவும் இப்போதைக்கு இல்லையென்றாலும், ஒரு காரியம் இன்றைக்கே செய்யலாம். நான்கு பக்கமும் வெளியே, உள்ளே, கூரை, விரிசல்கள், தெருவோடு சேர்த்து ஒன்று என்று தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, பழைய வரி ரசீதுகளோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். அடுத்த மழைக்குள்.