சங்கக் கூட்டத்தில் விலை பேசாதீர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் சங்கக் கூட்டம். பலகாரம், மசாலாத் தூள், ஊறுகாய் தயாரிப்பவர்கள் பதினைந்து பேர். கணக்கு வாசித்து, தேநீரும் வந்தபின், முறுக்கு போடும் அண்ணன் ஒருவர் தன் பாக்கெட்டை மேசைமேல் வைத்தார்.

"எண்ணெய் ஏறிப் போச்சு. குறைந்தபட்சச் சம்பளமும் 1,700 வெள்ளி ஆயிடுச்சு. அடுத்த மாசம் எல்லாரும் பாக்கெட்டுக்கு 50 காசு ஏத்திடுவோம். ஒருத்தர் ஏத்தி ஒருத்தர் ஏத்தாட்டித்தானே வம்பு?"

பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். செயலாளர் என்ற முறையில் பேச்சை அங்கேயே நிறுத்தி, நிறுத்தியதைக் கூட்டக் குறிப்பிலும் எழுதினேன். "அப்புறம் சங்கம் எதுக்கு?" என்று ஒருவர் முகம் சுளித்தார்.

நியாயமான கேள்விதான். இருபது வருஷமாக உற்பத்தியாளர் சங்கங்களை நடத்திவரும் நானும் தோட்டத்துப் பிள்ளைதான். நம் ஊரில் சங்கம் என்றாலே 1954-இல் தொடங்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம்தான் நினைவுக்கு வரும். பால்மரம் சீவியவர்கள் ஒன்றாக நின்று கூலி கேட்டார்கள், அது உரிமை. வியாபாரிகள் சேர்ந்து போட்டியைக் கெடுக்காமல் தடுக்கும் போட்டிச் சட்டமும் இப்படிக் கூலி கேட்கும் கூட்டுப் பேரத்துக்கு விலக்கு தந்திருக்கிறது. ஆனால் அவர்களின் பிள்ளைகள் முதலாளிகளாகி, சேர்ந்து உட்கார்ந்து விற்கும் விலையை முடிவு செய்தால் அது சட்ட மீறல். 2010-ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் 2012 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கையெழுத்துகூட வேண்டாம், வாய்ப்பேச்சே போதும். சங்கத் தீர்மானமும் இதில் அடங்கும்.

பெரிய கம்பெனிகளுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். கேமரன் மலைப் பூ வளர்ப்போர் சங்கம் விலையை 10 சதவீதம் ஏற்றப்போய் 2012-லேயே மலேசியப் போட்டி ஆணையத்திடம் மாட்டியது. பிறகு சீபுவில் ரொட்டி, கேக் செய்பவர்களுக்கு அபராதம். ஐஸ் தயாரிப்பாளர்கள் விலையேற்றத்தைப் பத்திரிகையிலேயே அறிவித்தார்கள். ஒளிக்காமல் செய்தால் தப்பில்லை என்று நினைத்தார்கள் போலும். அபராதம் நிறுவனத்தின் முழு விற்பனை வருவாயில் 10 சதவீதம் வரை போகலாம்.

கூட்டத்தைவிட எனக்குப் பயம் வாட்ஸ்அப் குழுதான். இரவு பத்து மணிக்கு ஒருவர் புது விலைப் பட்டியலைப் போடுவார், நாலு பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். சாட்சி தானாகவே தயார். அப்படி வந்தால் உடனே எதிர்ப்பை எழுதிவிட்டு வெளியேறுங்கள். கூட்டத்தில் என்றால், நீங்கள் எழுந்து போனதைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால் நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள்: ஒப்புக்கொண்டு முதலில் ஆணையத்திடம் போகிறவருக்கு அபராதம் முழுதாகவே தள்ளுபடியாக வாய்ப்புண்டு.

சரி, செலவு ஏறியதைப் பேசவே கூடாதா? பேசலாம், அமைச்சிடம். உறுப்பினர்கள் தங்கள் எண்ணெய், மின்சாரம், சம்பளச் செலவைத் தனித்தனி உறையில் என்னிடம் தருவார்கள். ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்க்க முடியாது. மொத்தக் கூட்டுத்தொகையை மட்டும் மனுவில் சேர்ப்பேன்.

அந்த முறுக்கு அண்ணன் பிறகு தானே கணக்குப் போட்டு 30 காசு ஏற்றினார். பக்கத்து ஊர்க்காரர் ஏற்றவில்லை. என்மேல் அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் முறைப்புதான்.