அடி ஒன்றுதான், கை வேறு

பறைக்குப் பயிற்சிப் பட்டறை என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஒரு கல்லூரி மைதானம், வட்டமாக நிற்கும் இளைஞர்கள், நாலைந்து தாள அடிகள், கடைசி நாள் மாலை எல்லோரும் ஒரே நிறச் சட்டையில் வரிசையாக நின்று ஆடிக் காட்டுவது. புதிதாக வருபவர்களுக்கு இது போதும். ஆனால் பல வருடமாகக் கோயில் கொடைக்கும் ஊர்வலத்துக்கும் அடித்து வரும் கலைஞரையும் அதே வட்டத்தில் நிறுத்தி அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தால், அவர் கொண்டுவந்ததும் போய்விடும்.

நான் பட்டறை நடத்துவது இப்படி ஏற்கெனவே வாசிப்பவர்களுக்கு. புது அடி எதுவும் சொல்லித்தருவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சரி, நியாயம்தான், அப்புறம் எதற்கு வந்தோம் என்று இருக்கும். அவரவர் கையில் இருக்கும் பாணியை அவரவரே கேட்டுக் கண்டுபிடிக்கத்தான்.

தவிலில் வலையப்பட்டி, அரித்துவாரமங்கலம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஆளும் வாசிப்பும் சேர்ந்து நினைவுக்கு வரும். பறைக்கு அப்படி இல்லை. எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. யாருடைய கை என்று கேட்பவர் குறைவு. 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது, பறையோடு ஒரு மனிதரின் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே சிலருக்குப் புதுச் செய்தி.

வலக்கையில் குட்டையான, தடித்த அடிகுச்சி. இடக்கையில் நீளமாக மெலிந்த சிண்டுகுச்சி. கூட்டத்தின் காதில் விழுவது வலக்கைதான். ஆனால் ஒரே அடியை இரண்டு பேர் வாசிக்கும்போது வித்தியாசம் பெரும்பாலும் இடக்கையில் இருக்கிறது. சிண்டு எப்போது விழுகிறது, தோலில் ஒட்டி நிற்கிறதா, பட்டதும் எழும்பிவிடுகிறதா, விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி. அதனால் காலையில் ஒரே ஒரு அடி, மெதுவாக. அதைச் செல்போனில் பதிந்து, குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கச் சொல்வேன். அப்புறம் வலக்கையை நிறுத்திவிட்டு இடக்கை மட்டும். நல்ல வாசிப்புக்காரர்களே இங்கே தடுமாறிச் சிரித்துவிடுவார்கள்.

ஒருவருக்குச் சிண்டு எப்போதும் இம்மியளவு தாமதமாக விழும். கூட வாசிப்பவர்கள் அதை நொண்டி அடி என்று கேலி செய்வார்கள். வேறொரு பட்டறையில் திருத்தவும் பார்த்திருந்தார்கள். விசாரித்தால், கரகாட்டத்துக்கு அடித்துப் பழகிய கை. ஆடுபவரின் கால் இறங்கும்வரை காத்திருக்கும் பழக்கம் அது. அந்தத் தாமதம் இல்லாமல் அதே அடியை வாசிக்கச் சொன்னேன். முதலில் வரவில்லை, மதியத்துக்குமேல் வந்தது. பிறகு ஒரு சுற்றில் இல்லாமலும் அடுத்த சுற்றில் வைத்தும் வாசிக்கச் சொன்னேன். தானாக வந்துகொண்டிருந்தவரை அது பழக்கம். வேண்டிய இடத்தில் வைக்கவும் வேண்டாத இடத்தில் நிறுத்தவும் தெரிந்த பிறகுதான் அதை அவருடைய பாணி என்று சொல்வேன். கேலி செய்தவர்களில் ஒருவர் அந்தச் சுற்றைத் தன் போனில் பதிந்துகொண்டார்.

தோலைக் காய்ச்சுவதும் இதில் சேர்த்திதான். ஈரக் காற்றில் தோல் தளரும், வைக்கோலோ காகிதமோ கொளுத்திச் சூடுகாட்டினால் விறைக்கும். எவ்வளவு விறைக்க வேண்டும் என்பது அவரவர் காது. பொதுவாக ஒருவரே எல்லாப் பறையையும் காய்ச்சிக் கொடுத்துவிடுவார், நான் அதற்கு விடுவதில்லை. செயற்கைத் தோல் மழைக்காலத்தில் பெரிய வசதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரித் தோல் வாங்கினால் இந்தத் தேர்வே இல்லாமல் போகிறது.

இளைஞர்கள் யூடியூபில் பார்த்துப் பழகுகிறார்கள். கேட்டுப் பழகுவதுதான் நம் முறை, அதில் தப்பில்லை. எல்லோரும் ஒரே காணொளியைப் பார்ப்பதுதான் சிக்கல். வரும்போது உங்கள் ஊரிலேயே வயதில் மூத்த வாசிப்புக்காரரைப் பதிந்து எடுத்து வாருங்கள் என்பேன். சாமிச்சாட்டு அடி, மருள் அடி, சப்பரத்து அடி என்று பெயர் ஒன்றாக இருக்கும். நடை ஊருக்கு ஊர் மாறும். சாவுக்கு அடிப்பதைச் சிலர் தொடமாட்டார்கள். சாதியின் பெயரால் கட்டாயப்படுத்தி வாங்கிய வேலை அது, மறுப்பில் முழு நியாயம் இருக்கிறது. பட்டறைப் பாடம் என்ற பெயரில் யாரும் அதை வற்புறுத்தக் கூடாது.

நடத்துபவர்களுக்குச் சில வார்த்தை. பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க முடியாது. வருபவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள், சான்றிதழ் வீட்டில் அடுப்பெரிக்காது. பங்குனி, சித்திரை, ஆடி என்று கொடையும் திருவிழாவும் நடக்கும் மாதங்களைத் தவிருங்கள். கடைசி நாள் நிகழ்ச்சி வேண்டும் என்று புரவலர் கேட்டால், ஆளுக்கு மூன்று நிமிடம் தனியாக வாசிக்க விடுங்கள், பெயரையும் ஊரையும் ஒலிபெருக்கியில் சொல்லி.